பெங்களூர் 16 லட்சமா, சென்னை 13.2 லட்சமா? ஹெச்ஆர்கிட்ட எப்படி பேசுறதுன்னும் தெரியல

கோவில்பட்டி_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுமையா படிச்சு சொல்லுங்க ப்ளீஸ்.

நான் 2021 ஆகஸ்ட் 16ல கேம்பஸ்ல செலக்ட் ஆகி சோழிங்கநல்லூர் பக்கம் ஒரு சர்வீஸ் கம்பெனில சேந்தேன். ஜாவா பேக்எண்ட், பேங்கிங் ப்ராஜெக்ட். இப்போ சிடிசி (கம்பெனி எனக்காக வருஷத்துக்கு செலவு பண்ற மொத்தம்) 8.4 லட்சம், கைக்கு மாசம் 60 சொச்சம் வருது. ரெண்டு வருஷமா ஹைக் பேருக்குதான் இருந்துச்சு, அதனால ஜனவரில இருந்து வெளிய இண்டர்வியூ குடுத்துட்டு இருந்தேன், இப்போ ஒரே வாரத்துல ரெண்டு ஆஃபர் வந்துருக்கு.

ஒண்ணு பெங்களூர், சொந்தமா சாஃப்ட்வேர் பண்ணி விக்கிற ஒரு ப்ராடக்ட் கம்பெனி, மொத்தம் 16 லட்சம்னு லெட்டர்ல போட்டிருக்கு. அதுல பேசிக் 6,00,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) 3,00,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 3,39,140, கம்பெனி பக்கத்து பிஎஃப் 72,000, கிராஜுவிட்டி (வேலைய விட்டு போகும்போது தர்ற பணிக்கொடை) 28,860, இன்சூரன்ஸ் 20,000, வேரியபிள் (முழுசா வரும்னு உறுதி இல்லாத பகுதி) 1,40,000, ஜாயினிங் போனஸ் 1,00,000. வாரத்துல மூணு நாள் ஆஃபீஸ்.

இன்னொண்ணு இங்கயே தரமணி பக்கம், ஒரு வெளிநாட்டு பேங்கோட சென்னை சென்டர், 13.2 லட்சம். பேசிக் 6,60,000, பிஎஃப் மாசம் 1,800 மட்டும், கிராஜுவிட்டி 31,746, மிச்சமெல்லாம் அலவன்ஸ், வேரியபிள் கிடையாது, இன்சூரன்ஸ் சிடிசிக்கு வெளிய தனியா தர்றாங்க.

16 பெருசுன்னு எல்லாரும் பெங்களூர் போன்னு சொல்றாங்க. பெங்களூர் ஹெச்ஆர் 48 மணி நேரத்துல பதில் சொல்லணும்னு மெயில் போட்டிருக்காங்க. கொஞ்சம் கூட கேக்கலாமா, கேட்டா ஆஃபரையே வாங்கிட்டு போயிடுவாங்களான்னு பயமா இருக்கு. அப்பா மில்லுல வேலை பாத்தவங்க, "குடுக்குறத வாங்கிக்கோ, வாய் குடுக்காத"ங்கிறாங்க. எங்க வீட்ல ஐடி வேலைக்கு வந்த மொத ஆளு நான்தான், கேக்க வேற யாரும் இல்ல. என் மேனேஜர் வேற எப்படியோ மோப்பம் பிடிச்சு "அவசரப்படாத, அப்ரைசல்ல பாத்துக்கலாம்"னு சொல்லிருக்காரு. எங்க நோட்டீஸ் பீரியட் 90 நாள். என்ன பண்ணலாம்?

---

சம்பளக்கணக்கு:

தங்கச்சி, பிரேக்கப் முழுசா போட்டதுக்கு நன்றி, பாதிப்பேர் மொத்த நம்பரை மட்டும் சொல்லிட்டு எது பெட்டர்னு கேப்பாங்க, அதுக்கு பதிலே சொல்ல முடியாது. நான் பேரோல்ல இருக்கேன், இதே வேலைதான் தினமும், அதனால கணக்கு போட்டே காட்டுறேன்.

பெங்களூர் லெட்டர்ல மாசா மாசம் சம்பளமா வர்றது பேசிக், ஹெச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் மூணும்தான். கூட்டினா 12,39,140, மாசத்துக்கு 1,03,261. அதுல உங்க பக்கத்து பிஎஃப் 6,000 போகும், கர்நாடகா தொழில் வரி 200 போகும், மிச்சம் 97,000 சொச்சம். இது வருமான வரிக்கு முன்னாடி. சென்னை லெட்டர்ல 13,20,000ல கம்பெனி பிஎஃப் 21,600, கிராஜுவிட்டி 31,746 ரெண்டையும் கழிச்சா 12,66,654, மாசம் 1,05,554, உங்க பிஎஃப் 1,800 போக 1,03,700 கைக்கு வருது. தொழில் வரி சென்னையில ஆறு மாசத்துக்கு ஒருக்கா கொஞ்சம் பிடிப்பாங்க, அவ்ளோதான். அதாவது 13.2 லட்சம் குடுக்குற கம்பெனில மாச சம்பளம் 16 லட்சம் குடுக்குற கம்பெனிய விட அதிகம்!

இப்போ வரி. 2025 பட்ஜெட்ல வந்த மாற்றப்படி புது ரெஜிம்ல (புது வருமான வரி முறை) வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரைக்கும் வரி இல்ல, சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் 75,000 சேத்தா 12.75 லட்சம் வரைக்கும். சென்னை ஆஃபர் 12.66ல நிக்கிறதால வரியே கிடையாது. பெங்களூர்ல வேரியபிளும் ஜாயினிங் போனஸும் முழுசா வந்துச்சுன்னு வச்சா மொத்தம் 14,79,140, எழுபத்தஞ்சு கழிச்சா 14,04,140, முழு வருஷத்துக்கு வரி செஸ்ஸோட (வரி மேல கூடுதலா போடுறது) 94,000 சொச்சம் வரும். நடு வருஷத்துல சேர்றதால இந்த வருஷ நம்பர் மாறும், பழைய கம்பெனி சம்பள விவரத்தை புது இடத்துல கண்டிப்பா குடுத்துடுங்க, இல்லன்னா ரெண்டு இடத்துலயும் தனித்தனியா கணக்கு போட்டு வரியே பிடிக்காம விட்டுடுவாங்க, ரிட்டர்ன் போடும்போது மொத்தமா கட்ட சொல்லும்.

ஒரு நியாயத்தையும் சொல்லணும். பெங்களூர்ல பிஎஃப் ரெண்டு பக்கமும் சேத்து மாசம் 12,000 சேருது, சென்னையில 3,600தான். அது உங்க காசுதான், காணாம போகல. அதையும் சேத்து பாத்தா ஜாயினிங் போனஸ் வர்ற வருஷம் பெங்களூர் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு கொஞ்சம் குறைவா முன்னாடி இருக்கு, அடுத்த வருஷத்துல இருந்து வேரியபிள் முழுசா வந்தாலும் 80,000 சொச்சம்தான் வித்தியாசம். இதுல வாடகை, அட்வான்ஸ், ஊருக்கு வந்து போற செலவு எல்லாம் நீங்களே கழிச்சுக்கோங்க. 2.8 லட்சம் வித்தியாசம்னு லெட்டர்ல தெரியறது நிஜத்துல இவ்ளோதான்.

---

பெல்லந்தூர்_வாசி:

மேல அண்ணா போட்ட கணக்கு கரெக்ட்தான், மறுக்கல. ஆனா அஞ்சு வருஷ எக்ஸ்பீரியன்ஸ்ல மாச சம்பளத்தை மட்டும் பாக்காதீங்க சிஸ். சர்வீஸ்ல இருந்து ப்ராடக்ட்டுக்கு ஒருக்கா உள்ள போயிட்டா அடுத்த ஜம்ப் ஈசி, டிசைன்ல இருந்து ப்ரொடக்ஷன் வரைக்கும் நம்மளே பாப்போம், பேங்க் சென்டர்ல சில டீம் நல்லா இருக்கும், சில டீம்ல பழைய சிஸ்டத்தை மெயிண்டெய்ன் பண்றதுதான் வேலையே. சேர்றதுக்கு முன்னாடி ரெண்டு இடத்துலயும் உங்க மேனேஜரா வரப்போறவர்கிட்ட ஒரு அரை மணி நேரம் கால் கேளுங்க, முதல் ஆறு மாசம் நான் என்ன பண்ணப் போறேன், டீம்ல எத்தனை பேரு, ராத்திரி ஆன்கால் (கூப்பிட்டா உடனே வேலை பாக்குறது) உண்டான்னு கேளுங்க. அந்த கால் குடுக்கவே யோசிச்சாங்கன்னா அதுவே பதில்.

வாடகை பத்தி ஒண்ணு, அவுட்டர் ரிங் ரோடு பக்கம் ஆஃபீஸ்னா பக்கத்துலயே தங்குங்க, காசு மிச்சம்னு தூரமா போனா டிராஃபிக்லயே வாழ்க்கை போயிடும்.

---

ஹெச்ஆர்_அக்கா:

ரெக்ரூட்மென்ட்ல ரொம்ப வருஷமா இருக்கேன்மா, அந்தப் பக்கம் உக்காந்து பேசுற ஆளா சொல்றேன், மொதல்ல அந்த பயத்தை விடுங்க. மரியாதையா ஒரு தடவை கூட கேட்டதுக்காக ஆஃபரை வாங்கிட்டு போற கம்பெனி ரொம்ப ரொம்ப கம்மி, அப்படி போனா அந்த இடம் எப்படிப்பட்டதுன்னு சேர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுதுன்னு எடுத்துக்கலாம். ஒரு ஆளைப் பிடிச்சு நாலு ரவுண்டு இண்டர்வியூ நடத்தி டீம் ஓகே சொல்ல வைக்கிறதுக்கு எங்களுக்கு ஆகுற அலைச்சல் கொஞ்சமா நஞ்சமா, அதை மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க எந்த ஹெச்ஆரும் ஆசைப்பட மாட்டாங்க. எல்லா பொசிஷனுக்கும் ஒரு பேண்ட், அதாவது இதுல இருந்து இதுவரைன்னு ஒரு சம்பள வரம்பு இருக்கும், முதல்ல சொல்ற நம்பர் பெரும்பாலும் அந்த பேண்டோட உச்சியில இருக்காது.

ஆனா கேக்குற விதம் இருக்கு. எங்களுக்கு எரிச்சல் வர்றது எப்போன்னா இன்னைக்கு ஃபிக்ஸட் கூட்டுங்கம்பாங்க, மேனேஜர் ஃபைனான்ஸ்னு ஏறி இறங்கி அப்ரூவல் வாங்கி குடுத்தா ரெண்டு நாள் கழிச்சு ஜாயினிங் போனஸ் கூட்டுங்கம்பாங்க, அப்புறம் ஒர்க் ஃப்ரம் ஹோம்பாங்க. என்னென்ன வேணுமோ எல்லாத்தையும் ஒரே பேச்சுல வைங்க. அதுவும் ஆஃபரை அக்செப்ட் பண்றதுக்கு முன்னாடி. சைன் பண்ணி அனுப்பிட்டு கேட்டா நல்லா இருக்காது, எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

48 மணி நேரம்னு போடுறது எல்லா லெட்டர்லயும் இருக்குற ஒரு வரிமா. "வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க, அன்னைக்கு கண்டிப்பா பதில் சொல்றேன்"னு ஒரு மெயில் போட்டுட்டா போதும், பெரும்பாலும் சரிம்பாங்க. சொன்ன நாள்ல பதில் சொல்லிடுங்க, அது முக்கியம்.

அப்புறம் போன்ல பேசுங்க, மெயில்ல பேரம் பேசாதீங்க. இந்த மாதிரி சொல்லிப் பாருங்க: "ஆஃபருக்கு ரொம்ப தேங்க்ஸ். டீமும் வேலையும் எனக்கு பிடிச்சிருக்கு, சேரணும்னுதான் நினைக்கிறேன். இன்னொரு ஆஃபரும் கையில இருக்கு, ரெண்டையும் மாச சம்பளமா போட்டுப் பாத்தா இது குறைவா வருது. வேரியபிளை ஃபிக்ஸட்ல சேத்து, இன்சூரன்ஸை சிடிசிக்கு வெளிய வச்சு குடுக்க முடியும்னா இன்னைக்கே சைன் பண்ணிடுறேன்." சொல்லிட்டு பேசாம இருங்க. இதுதான் கஷ்டமே, அந்தப் பக்கம் அஞ்சு செகண்ட் சத்தம் வராது, நம்ம ஆளுங்க பதறிப்போய் "பரவாயில்ல மேடம், முடியலன்னா ஓகேதான்"னு தாங்களே இறங்கி வந்துடுவாங்க, குறிப்பா பொண்ணுங்க. அந்த அமைதி எங்களுக்கு யோசிக்கிறதுக்கான டைம், அதை நீங்க நிரப்ப வேண்டாம்.

பொய் மட்டும் வேண்டவே வேண்டாம். இல்லாத ஆஃபரை இருக்குன்னு சொல்றது, இப்போ வாங்குற சம்பளத்தை கூட்டி சொல்றது எதுவும் வேண்டாம். மூணு மாச பே ஸ்லிப் வாங்குவாங்க, ஃபார்ம் 16 (சம்பளத்துல பிடிச்ச வரிக்கு கம்பெனி தர்ற சான்று) கேப்பாங்க, பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷன்ல மாட்டினா சேந்த பிறகு கூட வேலை போகும். இப்போ 8.4 வாங்குறோமேன்னு கூச்சமும் வேண்டாம், நீங்க செய்யப்போற வேலைக்கு என்ன சம்பளமோ அதை கேக்குறீங்க, பழைய சம்பளத்துக்கு எத்தனை பர்சன்ட் ஹைக்னு அவங்க பேச்சை கொண்டு போனா திருப்பி வேலைக்கே கொண்டு வாங்க.

அப்பா சொல்றதையும் தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க காலத்து மில்லுல சம்பளம் பேசுனது யூனியன், தனி ஆள் போய் நின்னா ஓரங்கட்டுவாங்க, அந்த பயம் நியாயமானது. இங்க யூனியன் இல்ல, நமக்காக நாமதான் பேசணும், அதை பொறுமையா அவங்களுக்கு சொல்லுங்க.

---

கோவில்பட்டி_பொண்ணு:

அக்கா, அண்ணா, படிக்க படிக்க கண்ணு கலங்கிடுச்சு, இவ்ளோ நேரம் எடுத்து எழுதுனதுக்கு ரொம்ப நன்றி. மாச சம்பளமா போட்டுப் பாக்கணும்னு எனக்கு தோணவே இல்ல.

மனசு சென்னை பக்கம்தான் போகுது, டீம் மேனேஜர்கூட பேசினேன், புதுசா கட்டுற பேமென்ட் சிஸ்டம், வேலை நல்லா இருக்கும் போல. அங்க 14.5 கேக்கலாமா? இன்னும் ரெண்டு சந்தேகம். இப்போ பேப்பர் போட்டா (ராஜினாமா குடுத்தா) ஜூலை கடைசி வாரம் ரிலீவ் ஆவேன், அஞ்சு வருஷம் முடிய மூணு வாரம் இருக்கும், கிராஜுவிட்டி போயிடுமா? ஒரு வருஷம் இருந்தாலே கிராஜுவிட்டி உண்டுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே. அப்புறம் மேனேஜர் திடீர்னு கூப்பிட்டு 12 வாங்கித் தர்றேங்கிறாரு, வாயால மட்டும்தான்.

---

சம்பளக்கணக்கு:

14.5 தாராளமா கேளுங்க, ஆனா கையில என்ன கூடும்னு தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க. 14.5 ஆச்சுன்னா பேசிக் 7,25,000ன்னு வச்சு மொத்த சம்பளம் 13,93,500 வரும், வரிக்குரியது 13,18,500, வரி செஸ்ஸோட 81,000 கிட்ட. அதாவது கம்பெனி 1,30,000 கூட்டிக் குடுத்து உங்க கைக்கு வருஷத்துக்கு 46,000, மாசம் 3,800தான் கூடுது, மிச்சம் பெரும்பாலும் வரிக்கு போகுது. 12.75ஐ தாண்டுற இடத்துல இந்தப் பள்ளம் இருக்கு, தாண்டுறவங்க தெரிஞ்சு தாண்டணும்.

இதுக்கு ஒரு வழி இருக்கு. கம்பெனி பக்கத்துல இருந்து என்பிஎஸ் (தேசிய ஓய்வூதிய திட்டம்) போடுற வசதி இருக்கான்னு கேளுங்க. 2024 ஜூலை பட்ஜெட்ல இருந்து புது ரெஜிம்ல பேசிக்ல 14 பர்சன்ட் வரைக்கும் கம்பெனி போடுற என்பிஎஸ்க்கு வரி இல்ல. 7,25,000ல 14 பர்சன்ட் 1,01,500, அதை சிடிசிக்குள்ளயே அங்க திருப்பினா வரிக்குரியது 12,17,000க்கு இறங்கும், 12 லட்சத்தை கொஞ்சமா தாண்டுறவங்களுக்கு மார்ஜினல் ரிலீஃப் (தாண்டுன தொகைய விட வரி கூடாம பாத்துக்குற சலுகை) இருக்குறதால வரி 81,000ல இருந்து 18,000க்குள்ள வந்துடும். ஆனா மாசம் கைக்கு வர்றது குறையும், அந்த காசும் ரிட்டயர்மென்டுக்கு போற காசு, நெனச்சப்ப எடுக்க முடியாது, வீட்டுக்கு மாசா மாசம் அனுப்புறவங்களா இருந்தா யோசிச்சு பண்ணுங்க. கையில கம்மியா கூடுதேன்னு 14.5 கேக்காம மட்டும் விட்டுடாதீங்க, அடுத்த ஹைக் எல்லாம் அந்த நம்பர் மேலதான் வரும்.

இப்போ கிராஜுவிட்டி, இதை நல்லா கவனிங்க. வாட்ஸ்அப்ல வந்தது அரைகுறை. 2025 நவம்பர் 21ல நாலு லேபர் கோடும் (மத்திய அரசோட புது தொழிலாளர் சட்டங்கள்) அமலுக்கு வந்துச்சு, அதுல ஒரு வருஷம்னு சொல்றது ஃபிக்ஸட் டெர்ம்ல, அதாவது காலக்கெடு போட்டு எடுக்குறவங்களுக்கு. உங்கள மாதிரி பெர்மனென்ட் ஆளுக்கு அஞ்சு வருஷம்தான். ஆனா நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டே 1998ல மேட்டூர் பியர்ட்செல் வழக்குல நாலு வருஷம் முடிஞ்சு அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பாத்திருந்தா அதையே அஞ்சு வருஷமா எடுத்துக்கணும்னு சொல்லிருக்கு. உங்க தேதிக்கு அந்த 240 ஏப்ரல் நடுவுலயே தாண்டிருச்சு. சட்டப்படி பேச இடம் இருக்கு, ஆனா நிறைய கம்பெனி பாலிசில அஞ்சு வருஷம் முழுசா முடியணும்னு போட்டுட்டு சிஸ்டமே தள்ளிவிட்டுடும், அப்புறம் லேபர் ஆஃபீசுக்கு அலையணும். மூணு வாரத்துக்காக அந்த அலைச்சல் எதுக்கு?

உங்க இப்போதைய பேசிக் மாசம் 25,000னு வைங்க. 25,000ஐ 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து அஞ்சு வருஷத்தால பெருக்கினா 72,115. கிராஜுவிட்டி 20 லட்சம் வரைக்கும் வரி கிடையாது, அப்படியே கைக்கு வரும். புது கோட்ல சம்பளம்னா மொத்தத்துல பாதிக்கு குறையாம கணக்கு எடுக்கணும்னு இருக்கு, அதனால இதை விட கூடவே வரலாம், எந்த அடிப்படையில போடுறாங்கன்னு உங்க ஹெச்ஆர்கிட்ட எழுதி கேளுங்க. அதனால புது கம்பெனில ஜாயினிங் தேதிய மூணு வாரம் தள்ளி கேளுங்க. சம்பளம் கேக்குற அதே கால்ல இதையும் கேளுங்க. ஆகஸ்ட் 15 சனிக்கிழமை, லீவும் கூட, அதனால கடைசி நாள் 17 திங்கட்கிழமைன்னு ரெசிக்னேஷன் மெயில்லயே தேதி போட்டுடுங்க. 90 நாளுக்கு மேல நீங்களா குடுக்குறத பொதுவா யாரும் வேண்டாம்பது இல்ல, ஆனா அந்த தேதிய ஒத்துக்கிட்டதா பதில் மெயில் வந்த பிறகு புது கம்பெனிக்கு உறுதி குடுங்க.

---

நெல்லை_சீனியர்:

மேனேஜர் விஷயத்துக்கு நான் சொல்றேன் தாயி. வாயால சொன்ன 12 லட்சம் காத்துல எழுதுன மாதிரிதான். அவரு கெட்டவர்னு சொல்லல, பாவம் அவர் கையிலயும் ஒண்ணும் இருக்காது, ப்ராஜெக்ட் நடுவுல ஆள் போனா கிளையண்டுக்கு பதில் சொல்லணுமேன்னு பேசுறாரு. லெட்டரா குடுத்தா பாக்கலாம்னு சொல்லிப் பாருங்க, லெட்டர் வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்க, ரெண்டு வருஷமா குடுக்க முடியாத காசு நீங்க கிளம்பப் போறீங்கன்னு தெரிஞ்சதும் ஒரே வாரத்துல எங்கிருந்து வந்துச்சு? அதுக்கு அவரு சொல்ற பதில் உங்களுக்கு திருப்தியா இருந்தா இருங்க.

போறதுன்னு முடிவாயிட்டா ரெசிக்னேஷன் மெயில் போடுறதுக்கு முன்னாடி அவரை தனியா ஒரு ரூம்ல பாத்து நேர்ல சொல்லிடுங்க, சிஸ்டத்துல நோட்டிஃபிகேஷன் வந்து அவருக்கு தெரியக்கூடாது. "வேற இடத்துல வாய்ப்பு வந்துருக்கு, முடிவு பண்ணிட்டேன் சார், ஹேண்டோவர் முழுசா முடிச்சு குடுத்துட்டு போறேன்"னா போதும். எந்த கம்பெனி, எவ்ளோ சம்பளம்னு கேட்டா சொல்லணும்னு கட்டாயம் இல்ல, "சேந்த பிறகு சொல்றேன் சார்"னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க. டீம்ல கூட இருக்குறவங்ககிட்டயும் நம்பர் வேண்டாம், கேன்டீன்ல ஒருத்தர்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள ஃப்ளோர் முழுக்க போயிடும், அப்புறம் அந்த மூணு மாசம் உங்களுக்குதான் சங்கடம்.

அந்த மூணு மாசமும் ஒழுங்கா வேலை பாருங்க. நான் பாத்தவரைக்கும் பேப்பர் போட்ட மறுநாளே லேப்டாப்ப தொடாத ஆளுங்கள பத்தி அஞ்சு வருஷம் கழிச்சு கூட பேச்சு வரும். ஓஎம்ஆர்ல (சென்னையில ஐடி கம்பெனிங்க இருக்குற ரோடு) இங்க இருந்து அங்க, அங்க இருந்து இங்கன்னு எல்லாரும் சுத்திட்டேதான் இருப்பாங்க, இன்னைக்கு உங்க டீம் லீடு நாளைக்கு உங்க இண்டர்வியூ பேனல்ல உக்காந்திருப்பாரு. எந்த ஃபைல் எங்க இருக்கு, எந்த வேலை எந்த தேதில ஓடும், எது உடைஞ்சா யாரை கூப்பிடணும்னு எழுதி வச்சுட்டு வாங்க.

பெங்களூர்காரங்களுக்கும் மறக்காம போன் பண்ணி சொல்லிடுங்க. வேண்டாம்னா சும்மா பதில் போடாம இருந்துடுறது நம்ம பசங்ககிட்ட இப்போ சகஜமாயிருச்சு, ஒரு போன், "யோசிச்சு இன்னொரு ஆஃபர் எடுத்துக்கிட்டேன், உங்க நேரத்துக்கு நன்றி"ன்னு ரெண்டு வரி மெயில், அந்த இடத்துல வேற ஒரு பையனோ பொண்ணோ காத்துட்டு இருப்பாங்க.

இன்னொண்ணு, புது இடத்துல வெளிநாட்டு பேங்க்னா டைரக்டரையே பேர் சொல்லி கூப்பிடணும்பாங்க. நம்ம தெக்கத்தி ஆளுங்களுக்கு வயசுல பெரியவங்கள பேர் சொல்ல நாக்கு எழாது, எனக்கும் ஆரம்பத்துல அப்படித்தான். மெயில்ல, மீட்டிங்ல எல்லாரும் பேர் சொன்னா நீங்களும் பேர் சொல்லுங்க, சார் சார்னு சொல்லிட்டு இருந்தா உங்க கருத்தை எடுத்து சொல்ல முடியாத ஜூனியர்னு அவங்களா முடிவு பண்ணிடுவாங்க. தமிழ் பேசுற சீனியரா இருந்தா டீ குடிக்கிற எடத்துல "நீங்க வாங்க"ன்னு மரியாதையா பேசிக்கலாம், பேர் சொன்னா மரியாதை குறைஞ்சதா ஆகாது.

---

கோவில்பட்டி_பொண்ணு:

அப்டேட். சென்னை ஹெச்ஆர்கிட்ட நேத்து பேசினேன். அக்கா சொன்ன மாதிரியே எல்லாத்தையும் ஒரே கால்ல சொன்னேன், 14.5, என்பிஎஸ், ஜாயினிங் ஆகஸ்ட் 18னு. சொல்லிட்டு அமைதியா இருந்தேன், கை நடுங்குச்சு. அவங்க "பேசிட்டு சொல்றேன்"னு வச்சுட்டாங்க, இன்னைக்கு மதியம் கூப்பிட்டு 14 லட்சம் தர்றோம், என்பிஎஸ் வசதி இருக்கு, சேந்த பிறகு போர்ட்டல்ல நீங்களே செலக்ட் பண்ணிக்கலாம், தேதியும் ஓகேன்னு சொல்லிட்டாங்க. புது லெட்டர் நாளைக்கு வரும். இன்னும் ஒருக்கா 14.5க்கு தள்ளணுமா?

பெங்களூருக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன், வேரியபிளை பாதி ஃபிக்ஸட்ல சேக்குறோம்னு சொன்னாங்க, ஆனா வேண்டாம்னுட்டேன். ஜாயினிங் போனஸ் ஒரு வருஷத்துக்குள்ள போனா முழுசா திருப்பித் தரணும்னு லெட்டர் கடைசி பக்கத்துல இருந்ததையும் அப்போதான் படிச்சேன்.

---

ஹெச்ஆர்_அக்கா:

சூப்பர்மா, ரொம்ப சந்தோஷம்! இதுக்கு மேல தள்ளாதீங்க. அவங்க மூணுக்கு ரெண்டு முழுசா குடுத்து, மூணாவதுல பாதிக்கு மேல வந்துட்டாங்க, இப்போ சரின்னு சொல்றதுதான் அழகு. லெட்டர் வந்ததும் சம்பளம், ஜாயினிங் தேதி, டெசிக்னேஷன், ப்ரொபேஷன் எத்தனை மாசம், அங்க நோட்டீஸ் பீரியட் எவ்ளோ, அடுத்த ஏப்ரல் ஹைக்குக்கு நீங்க சேருவீங்களா இல்லையா இத்தனையும் எழுத்துல இருக்கான்னு பாருங்க. ஆகஸ்ட்ல சேர்றவங்களுக்கு சில இடத்துல ஹைக் அதுக்கு அடுத்த வருஷம்தான், சில இடத்துல மாசக்கணக்குக்கு ஏத்த மாதிரி குடுப்பாங்க, கேட்டு வச்சுக்கோங்க. சைன் பண்ணி, அவங்க கிடைச்சதுன்னு பதில் போட்டு, அதுக்கு அப்புறம் மட்டும் இங்க பேப்பர் போடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் கூட வேண்டாம்.

---

சம்பளக்கணக்கு:

14ங்கிறது நல்ல நம்பர், வாழ்த்துகள் தங்கச்சி. கிளம்பும்போது ரிலீவிங் லெட்டர், சர்வீஸ் சர்டிஃபிகேட், கடைசி மூணு பே ஸ்லிப், ஃபார்ம் 16 எல்லாத்தையும் கம்பெனி மெயில் மூடுறதுக்கு முன்னாடி பர்சனல் மெயிலுக்கு எடுத்து வச்சுக்கோங்க, ஆனா ப்ராஜெக்ட் ஃபைல் ஒண்ணு கூட அனுப்பிடாதீங்க, அது பெரிய தப்பாயிடும். இன்சூரன்ஸ் கடைசி நாளோட நின்னுடும், அப்பா அம்மா அதுல இருந்தா நடுவுல இடைவெளி விழாம பாத்துக்கோங்க.

கடைசி நாள் 17, புது இடம் 18. பழைய கம்பெனி உங்க வெளியேறுன தேதிய பிஎஃப் போர்ட்டல்ல சரியா 17னு போட்டாங்களான்னு யுஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்) லாகின்ல ஒரு மாசம் கழிச்சு பாருங்க. தப்பா 20னு போட்டுட்டா ரெண்டு கம்பெனில ஒரே நேரத்துல வேலை பாத்த மாதிரி காட்டும், வெரிஃபிகேஷன்ல அதுக்கு விளக்கம் குடுக்கணும். ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்ல சம்பள பாக்கிய ரெண்டு ஒர்க்கிங் டேல குடுக்கணும்னு புது கோட்ல போட்டிருக்கு, நிறைய இடத்துல இன்னும் பழைய பழக்கத்துல மாசக்கணக்குல இழுக்குறாங்க, அதனால கடைசி நாள்லயே செட்டில்மென்ட், கிராஜுவிட்டி ரெண்டுக்கும் தேதி கேட்டு ஒரு மெயில் போட்டு வச்சிடுங்க. கிராஜுவிட்டிக்கு ஃபார்ம் தனியா நீங்க குடுக்கணும், தானா வரும்னு இருந்துடாதீங்க.